ஊட்டிக்குப் போய் ஓய்வெடுப்பது எப்படி

சில வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதம். ஊட்டிக்குப் போய்விட்டு வந்த மறுநாள், மாடிப்படியில் பக்கத்து வீட்டு அக்கா பிடித்துக்கொண்டார். "என்னம்மா, டூரெல்லாம் நல்லபடியா இருந்துதா?" என்றார். "இருந்துதுக்கா. அந்த அலுப்பு தீரத்தான் லீவு போட்டுப் படுத்திருக்கேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஓய்வுக்காக எடுத்த நான்கு நாள் லீவு, அந்த லீவின் களைப்பு தீர இன்னொரு லீவு.

அந்தப் பயணத்தில் குறை என்று சொல்ல எதுவும் நடக்கவில்லை. ரயில் நேரத்துக்கு வந்தது, பொருள் எதுவும் தொலையவில்லை, பிள்ளைகள் சண்டைகூட அளவாகத்தான் போட்டார்கள். ஆனால் கிளம்புவதற்கு முதல் நாள் நள்ளிரவு வரை நான் புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குக் கடைசி ரிப்போர்ட்டை அனுப்பிக்கொண்டிருந்தார். மலைமேல் இரண்டரை நாளில் பதினோரு இடம் பார்த்தோம். திரும்பி வந்து விடியற்காலை சென்ட்ரலில் இறங்கி, வீட்டுக்கு வந்து குளித்து, பத்து மணிக்கு அவர் ஆபீஸ் போய்விட்டார். என்னால் முடியவில்லை.

இந்த அத்தியாயத்தை ஊட்டியை வைத்தே எழுதுகிறேன். கொடைக்கானலோ மூணாறோ போகிறவர்கள் ஊர்ப்பெயரை மாற்றிக்கொண்டால் போதும். நான் பார்த்தவரை விடுமுறையைக் கெடுப்பது போன ஊர் கிடையாது. கிளம்புகிற நாளும் திரும்புகிற நாளும்தான் முதலில் கெடுக்கின்றன. மிச்சத்தை "இவ்வளவு தூரம் வந்துட்டு அதைப் பார்க்காமப் போறதா?" என்கிற ஒரு வரி பார்த்துக்கொள்கிறது.

திரும்பும் டிக்கெட்டை முதலில் போடுங்கள்

எல்லாரும் போகும் டிக்கெட்டிலிருந்து ஆரம்பிப்போம். லீவு முடிகிற நாளின் இரவு ரயிலைத் திரும்புவதற்குப் போடுவோம், "ஒரு நாளும் வேஸ்ட் ஆகக் கூடாது" என்று. அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். ஆபீஸ் திங்கட்கிழமை என்றால் சனிக்கிழமை காலை வீட்டில் இருக்க வேண்டும். அதாவது வெள்ளி மாலையே மலையிலிருந்து இறங்கியாக வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, மலையில் எத்தனை இரவு கிடைக்கிறதோ அத்தனைதான் பயணம். மூன்றே இரவுதான் தேறுகிறது என்றால் மூன்றே இரவு.

முதலில் இதைச் சொன்னபோது எங்கள் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. "காசு குடுத்துப் போறோம், ரெண்டு நாள் முன்னாடியே வந்து வீட்டுல உக்காரவா?" என்றார் அவர். அதற்கு என்னிடம் இருந்த பதில் ஒரு ஆராய்ச்சி. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் அதைச் செய்து 2010இல் வெளியிட்டார்கள். விடுமுறை போகிறவர்கள், போகாதவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தது போவதற்கு முன்னால்தான். திரும்பி வந்த பிறகு இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மிகவும் நிம்மதியாகக் கழிந்தது என்று சொன்னவர்களுக்கு மட்டும் அந்தச் சந்தோஷம் வந்த பிறகும் கொஞ்ச நாள் நீடித்தது. நான் இதைப் படித்துவிட்டுச் செய்த ஒரே மாற்றம், திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் முன்னால் நகர்த்தியதுதான். இப்போது அவரே அந்தச் சனிக்கிழமையைக் காவல் காக்கிறார்.

இன்னொரு ஆராய்ச்சியில், நீண்ட விடுமுறையில் போனவர்களின் மனநிலை எட்டாம் நாள் வாக்கில்தான் உச்சத்துக்குப் போனது என்றார்கள். எட்டு நாள் சேர்ந்தாற்போல லீவு கேட்டால் நம் மேனேஜர்கள் மயங்கி விழுந்துவிடுவார்கள். அதே ஆராய்ச்சி சொல்லும் மறுபாதிதான் நமக்குப் பயன்படும்: எவ்வளவு நாள் போனாலும், வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே அதன் பலன் கரைந்துவிடுகிறது. அப்படியென்றால் வருஷம் முழுக்க லீவைச் சேர்த்து வைத்து ஒரே மூட்டையாகச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. மேயில் ஒரு நான்கு நாள், மலைக்காரர்கள் செகண்ட் சீசன் என்று சொல்லும் செப்டம்பர், அக்டோபரில் ஒரு மூன்று நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். செகண்ட் சீசனில் கூட்டமும் குறைவு, அறை வாடகையும் குறைவு.

டிக்கெட் விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாள் முன்னதாகத்தான் திறக்கிறது. காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்து, காலை 8 மணிக்குக் கையில் போனோடு உட்கார்ந்துவிட வேண்டும். சொந்தக் காரில் போகிறவர்களுக்கு இ-பாஸ் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறைக்கு வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்குள் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். சோதனைச்சாவடியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சிக்னல் இல்லாத போனில் ஓடிபிக்காக நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பத்தின் அன்றைய நாள் அங்கேயே முடிந்துவிடும். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் இந்தத் தொல்லையே இல்லை.

கடைசி இரண்டு நாள்

ஊருக்குப் போன முதல் நாளே காய்ச்சல், தலைவலி என்று படுப்பவர்கள் எல்லார் வீட்டிலும் ஒருவர் உண்டு. எங்கள் வீட்டில் அது என் வீட்டுக்காரர்தான். டில்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆட் விங்கர்ஹூட்ஸ் என்ற உளவியல் பேராசிரியர் இதற்கு 'ஓய்வு நோய்' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். வேலைப்பளுவும் அதை விட முடியாத மனமும் உள்ளவர்களுக்கு இது அதிகம் என்பது அவர் கண்டது. காரணத்தை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நாம் செய்யக்கூடியது, கிளம்புவதற்கு முந்தைய இரண்டு இரவும் ஒழுங்காகத் தூங்குவது. அதற்கு வழி, ரயில் வியாழன் இரவு என்றால் புதன்கிழமைதான் கிளம்புவதாக மனதுக்குள் வைத்துக்கொள்வது. பெட்டி செவ்வாய் இரவே மூடியிருக்க வேண்டும்.

ஆபீஸ் வேலையை ஒப்படைக்கும்போது "ஏதாவது அவசரம்னா கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வரவே வராதீர்கள். அவசரம் என்பது எதிராளி அகராதியில் 'ஃபைல் எங்கே இருக்கு' என்பதில் ஆரம்பிக்கும். யார் உங்கள் இடத்தில் முடிவெடுப்பார், எந்த இரண்டு மூன்று விஷயத்துக்கு மட்டும் உங்களைக் கூப்பிடலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள். அதற்குமேல் மனசு கேட்காவிட்டால் காலை காபி குடிக்கும்போது பதினைந்து நிமிஷம் போனைப் பாருங்கள், பிறகு அந்த நாளுக்கு மூடிவிடுங்கள். அரைமணிக்கு ஒருதரம் 'சும்மா' எட்டிப் பார்ப்பவர் ஊட்டியில் இருந்தாலும் ஆபீசில்தான் இருக்கிறார்.

வீட்டு வேலைகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது எத்தனையோ பேரின் முதல் நாளைத் தின்றிருக்கிறது. ரயில் அரக்கோணம் தாண்டும்போது ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "கேஸை மூடினியா?" அதோடு தூக்கம் போச்சு. நான் கிளம்பும் முன் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டு அதைப் போனில் ஒரு படம் எடுப்பேன். அடுத்து மோட்டார் சுவிட்ச், பின்கதவுத் தாழ்ப்பாள், கடைசியாக வாசல் பூட்டு. நான்கு படம், ஒரு நிமிஷ வேலை. கேள்வி வந்தால் போனை நீட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்ளலாம். இட்லி மாவு மட்டும் ஃபிரிட்ஜில் மிச்சம் இருக்கக் கூடாது. திரும்பி வந்து கதவைத் திறந்ததும் வரவேற்பது அந்த வாசனையாக இருக்க வேண்டாம்.

மலை ஏறும்போது

சென்னையிலிருந்து இரவு 9 மணி வாக்கில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை 6 மணியை ஒட்டி மேட்டுப்பாளையம் சேரும். அங்கிருந்து 7.10க்கு மலை ரயில். 46 கிலோமீட்டரை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் ஏறும். கல்லாறில் தொடங்கி குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் உண்டு. எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு அதைப் பிடித்துப் பிடித்து ஏறும். ஹில்குரோவில் தண்ணீர் குடிக்க நிற்கும், நாமும் இறங்கி டீ குடிக்கலாம். அவசரப்பட ஒன்றுமே இல்லாத அந்த ஐந்து மணி நேரம்தான், என்னைக் கேட்டால், பயணத்தின் மிகச் சிறந்த ஓய்வு. சீசனில் அந்த டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். குன்னூர் வரை பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து ஊட்டிக்குப் போகும் உள்ளூர் ரயிலைப் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், லவ்டேல் பக்கம் வரும் காட்சி அதே காட்சிதான்.

பஸ், கார் என்றால் குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிற பிள்ளையைப் பின் சீட்டில் போட்டுக் கையில் போனும் கொடுத்தால் மூன்றாவது வளைவிலேயே முடிந்தது. முன் சீட், தூரத்து மலையைப் பார்க்கச் சொல்வது, கொஞ்சம் ஜன்னல் காற்று, வயிற்றில் இரண்டு இட்லி. காலி வயிறும் ஆகாது, பூரி கிழங்கும் ஆகாது. மாத்திரை கொடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஏறுவதற்கு அரைமணி, முக்கால் மணி முன்பே கொடுத்துவிடுங்கள். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்ட மாத்திரை, போட்ட வேகத்திலேயே திரும்பி வரும். இன்னொன்று: நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள், சோதனைச்சாவடியில் வாக்குவாதம் மிச்சம்.

முதல் ராத்திரி தூக்கம் வராது

புது இடத்தில் முதல் நாள் தூக்கம் பிடிக்காதது பழக்கதோஷம் என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2016இல் இதை ஆராய்ந்தபோது, புது இடத்தின் முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்ற பாதியைவிட விழிப்பாகவே இருப்பது தெரிந்தது. காவலுக்கு ஒரு ஆள் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருப்பது போல. இதன் பொருள் நம் திட்டத்துக்கு என்ன? இரண்டு விஷயம். முதல் நாள் விடியலில் சூரியோதயம் பார்க்கிறேன் என்று யாரையும் எழுப்பாதீர்கள். அதைவிட முக்கியம், மூன்று இரவுக்கு மூன்று ஊரில் அறை போடாதீர்கள். ஒரு நாள் ஊட்டி, ஒரு நாள் மசினகுடி, ஒரு நாள் குன்னூர் என்று போனால் மூன்று ராத்திரியும் முதல் ராத்திரிதான். ஒரே அறை, ஒரே கட்டில். வீட்டுத் தலையணை உறை ஒன்றை எடுத்துப் போனால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அறையை ஊட்டி டவுனில் எடுக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. மே மாதத்து சேரிங் கிராஸ் நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் அண்ணாசாலை எவ்வளவோ தேவலை என்று தோன்றும். நான் இப்போதெல்லாம் கோத்தகிரியில்தான் தங்குகிறேன். ஊட்டியைவிட உயரம் குறைவு, குளிர் அளவாக இருக்கும், மாமியாரின் மூட்டுவலிக்கும் சரி. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் வந்து முதலில் வீடு கட்டியது கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில்தான். அந்தப் பங்களா இன்னும் இருக்கிறது. ஊட்டியையே உருவாக்கிய ஆள் முதலில் இங்கேதான் குடியிருந்தார் என்று வீட்டில் எதிர்ப்புக் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளலாம்.

பாயிண்ட் கணக்கு

ஸ்டாண்டில் டாக்சி பேசினால் டிரைவர் முதலில் நீட்டுவது ஒரு அட்டை. "மேடம், எட்டு பாயிண்ட் இருக்கு. ஒம்போது மணிக்கு எடுத்தா சாயங்காலம் ஆறுக்குள்ள முடிச்சுடலாம்." முடித்துவிடலாம் என்கிற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அந்த வருஷம் நாங்களும் முடித்தோம். தொட்டபெட்டா, டீ ஃபேக்டரி, பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், பைக்காரா. பெயரெல்லாம் போனில் படமாக இருக்கிறது. ஆனால் எனக்கு உண்மையில் நினைவிருப்பது, டீ ஃபேக்டரி வாசல் வரிசையில் நின்றபோது காருக்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிய சின்னவனின் முகம். கையில் பாதி தின்ற வர்க்கி. எழுப்பவா வேண்டாமா என்று நானும் அவரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றோம். கடைசியில் எழுப்பினோம். அவன் அழுதுகொண்டே டீத்தூள் மெஷினைப் பார்த்தான்.

இப்போது எங்கள் விதி, ஒரு நாளைக்கு ஒரே இடம், அதுவும் மதியத்துக்குள். மே மாதத்தில் மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்வதும் இதற்கு வசதி. தொட்டபெட்டாவா, 2,637 மீட்டர் உயரம், காலை எட்டு எட்டரைக்குப் போனால் மேகம் மூடுவதற்குள் பார்த்துவிட்டு இறங்கலாம். கார்டனா, கண்ணாடி மாளிகையைப் பார்த்துவிட்டு ஒரு மரத்தடியில் துண்டை விரித்து இரண்டு மணி நேரம் உட்காருங்கள். கிளம்பும் முன்பே வீட்டில் ஆளுக்கு ஒரு இடம் கேட்டுக்கொள்வது நல்லது. பெரியவள் போட்டிங் என்பாள், மாமியார் தேயிலைத் தோட்டம் என்பார். அவரவர் இடம் அவரவர் நாள். பட்டியலில் இல்லாததைப் பார்க்கவில்லை என்று அதன்பிறகு யாரும் முணுமுணுக்கக் கூடாது.

மிச்ச நேரம் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பது. முதல் நாள் மதியம் பிள்ளைகள் "போர் அடிக்குதும்மா" என்பார்கள். உடனே டிரைவருக்குப் போன் போடாதீர்கள். அரைமணி பொறுத்தால் அவர்களே காம்பவுண்டில் பைன் காய் பொறுக்கப் போய்விடுவார்கள். பெரியவர்களுக்குத்தான் கஷ்டம். என் வீட்டுக்காரர் முதல் தடவை வராந்தா நாற்காலியில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு, பரீட்சை எழுதியவர் போல எழுந்து வந்தார்.

அடுப்பு இல்லாத அறை

சமையலறை வசதியுள்ள காட்டேஜ் என்று விளம்பரம் பார்த்தால் வீட்டில் உள்ள ஆண்களுக்கு மிகவும் பிடித்துப்போகும். வெளிச்சாப்பாட்டுச் செலவு மிச்சம், வயிறு கெடாது. அந்தச் சமையலறையில் யார் நிற்பார்கள் என்பதை மட்டும் விளம்பரத்தில் போடுவதில்லை. நான் இரண்டு முறை நின்றிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே ரவா உப்புமா. ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை என்றால் அந்த வீடு லீவில் போகவில்லை.

மூன்றாவது முறை நான் அடுப்பில்லாத அறையாகப் பார்த்துப் போட்டேன். மாமியார் பையில் ரைஸ் குக்கர் வைத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அத்தை அது?"

"உங்க மாமாவுக்கு ராத்திரி ரசம் சாதம் இல்லாம இறங்காதும்மா."

"அங்க மெஸ்ல ரசம் சாதம் கிடைக்கும் அத்தை. நீங்களும் உக்காந்து சாப்பிடலாம்."

ஒரு நிமிஷம் யோசித்தார். "நான் உக்காந்தா?" என்றார், அப்படி ஒரு வழி இருப்பதையே கேள்விப்படாதவர் மாதிரி. குக்கர் வீட்டிலேயே தங்கியது. மாமாவுக்கு அந்த ரசம் பிடிக்கவில்லை. மூன்று நாளும் சாப்பிட்டார், ஒன்றும் ஆகவில்லை.

சாப்பாடு மட்டுமில்லை. யார் மாத்திரை எங்கே, ஈரத்துண்டு எங்கே, மங்கி குல்லா எங்கே என்று கேட்பதற்கு ஒரே ஆள் இருக்கும் வரை அந்த ஆள் டியூட்டியில்தான் இருக்கிறார். பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் தனித்தனிப் பை. அவரவர் பையை அவரவரே அடுக்க வேண்டும், அவரவரே தேட வேண்டும். ஜட்டி எடுத்துவர மறந்தவன் கடைவீதியில் வாங்கிக்கொள்வான், உலகம் இடிந்துவிடாது.

பணத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மொத்தம் எவ்வளவு என்று கிளம்பும் முன்பே பேசி முடிவெடுத்து, அதை நாள்வாரியாகப் பிரித்துவிடுங்கள். அங்கே போய் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் "இவ்வளவா?" என்று ஆரம்பிக்க வேண்டாம். யார் யாருக்கு சாக்லேட், யாருக்கு நீலகிரித் தைலம் என்ற பட்டியலைக் கடைசி நாளுக்குத் தள்ளாமல் முதல் நாளே வாங்கிப் பெட்டியின் அடியில் போட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை

ஊட்டியிலிருந்து மதியம் 2 மணிக்கு மலை ரயில் இறங்குகிறது. மாலை ஐந்தரை மணி வாக்கில் மேட்டுப்பாளையம், இரவு அதே நீலகிரி எக்ஸ்பிரஸ். காரில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சீசனில் ஒருவழிப்பாதை அறிவித்துவிட்டால் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் காத்திருப்பது, வளைவுக்கு வளைவு கடிகாரத்தைப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

விடியற்காலை வீடு. படத்தில் இருந்த பூட்டு அப்படியே இருக்கும். போகும்போதே பால்காரரிடம் அன்றைக்கு அரை லிட்டர் போடச் சொல்லியிருந்தால் பையில் தொங்கும். காபி போட்டுக் குடித்துவிட்டு அவரவர் படுக்கையில் போய் விழ வேண்டியதுதான். எழுந்ததும் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தெருமுனை மெஸ்ஸில் சொல்லிவிடுங்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம். ஈரத் துணி ஏதாவது இருந்தால் மட்டும் எடுத்துக் கொடியில் போடுங்கள். ஸ்வெட்டரெல்லாம் ஞாயிற்றுக்கிழமை துவைத்துக்கொள்ளலாம்.